குரோமோசோம்களை எண்ணியவரை எப்படி எண்ணுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். எம்.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருஷம். பிஎச்.டி.க்கு வழிகாட்டி தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் கூகுள் ஸ்காலர் பக்கங்கள். இரண்டு பேருமே செல் ஆய்வு செய்கிறவர்கள். கீழே ஒரு வரி: "சித்தப்பா, மேடத்துக்கு எச்-இண்டெக்ஸ் 9, சாருக்கு 31. யார்கிட்ட சேரலாம்?"

நான் படித்தது பி.இ. சோறு போடுவது சாஃப்ட்வேர். உயிரியலில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 9, 31 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது என் துறைக்குப் பக்கத்து விஷயம். "பொறு, ஒரு வாரம் குடு" என்று பதில் போட்டேன். அந்த வாரம் படித்ததின் குறிப்புதான் இது. ஐந்து வருஷம் ஒரு பெண் யாரிடம் வேலை கற்கப்போகிறாள் என்ற கேள்விக்கு இரண்டு எண்கள் பதில் சொல்லுமா என்று பார்த்தேன்.

மேற்கோள் என்றால் என்ன?

ஒரு ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தான் யாருடைய வேலையின் மேல் நிற்கிறோம் என்று கடைசியில் பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இருந்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். இதைத்தான் சைட்டேஷன் என்கிறோம். இந்தப் பட்டியல்களைத் தலைகீழாகத் திருப்பி, "இந்தக் கட்டுரையை யார் யார் குறிப்பிட்டிருக்கிறார்கள்" என்று தேட வசதி செய்தவர் அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்ட். 1955-இல் யோசனையை எழுதினார், 1964-இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் அச்சில் வந்தது. ஆய்வாளர்களுக்கு மார்க் போடுவது அதன் முதல் நோக்கம் இல்லை. ஒரு கருத்து எங்கெங்கே போனது என்று தேடிப் பிடிப்பதற்கான தேடல் கருவி அது. பிற்பாடு கூகுளின் பேஜ்ரேங்க் இதே யோசனையை இணையப் பக்கங்களுக்குப் பயன்படுத்தியது.

எச்-இண்டெக்ஸ் ரொம்பப் பிந்தி வந்தது. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. எங்க ஊர்ப் பக்கம் வாழை அதிகம் என்பதால் வாழைத்தாரை வைத்தே சொல்கிறேன். ஒரு விவசாயியிடம் நிறையத் தார்கள் இருக்கின்றன. குறைந்தது 5 சீப்பு உள்ள தார்கள் 5 இருக்கின்றன, ஆனால் குறைந்தது 6 சீப்பு உள்ள தார்கள் 6 இல்லை என்றால், அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. தாரைக் கட்டுரை என்றும் சீப்பை மேற்கோள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 9 என்றால், குறைந்தது 9 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 9 இருக்கின்றன என்று அர்த்தம்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். ஒரே ஒரு தாரில் ஐயாயிரம் சீப்பு தொங்கினாலும் எச்-இண்டெக்ஸில் அதன் பங்கு ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க உழைத்து ஒரே ஒரு பெரிய புத்தகம் போட்டவருக்கும், சுமாரான ஒரு கட்டுரை போட்டவருக்கும் அந்த இடத்தில் ஒரே மதிப்பு.

ஐயாயிரம் சீப்புத் தார் கற்பனைதான். ஆனால் அப்படி ஒரு பெரிய புத்தகம் போட்டவர் நிஜத்தில் உண்டா என்று தேடினேன். ஈ. கே. ஜானகி அம்மாளிடம் போய் நின்றேன்.

ஜானகி அம்மாள்

1897 நவம்பர் 4-இல் தலச்சேரியில் பிறந்தவர். மதராஸில் ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி. 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. பிறகு பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகம். அங்கே 1931-இல் டி.எஸ்ஸி. பட்டம். அவருடைய துறை செல்லியல், அதிலும் குரோமோசோம்கள். ஒரு தாவரத்தின் செல்லுக்குள்ளே எத்தனை குரோமோசோம் இருக்கிறது என்று நுண்ணோக்கியில் வைத்து எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்து அந்தத் தாவரம் எதோடு சொந்தம், எங்கிருந்து வந்திருக்கும், எதோடு சேர்த்தால் விதை பிடிக்கும் என்று ஊகிக்கிற வேலை.

வேர் நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத் தேடிப்பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் குச்சிகளை எண்ண வேண்டும். ஒரு செல்லில் எண்ணினால் போதாது. பல செல், பல செடி. கம்ப்யூட்டர் கிடையாது, கேமராவும் இன்றைக்கு மாதிரி கிடையாது. பல நேரம் கையால் வரைந்ததுதான் ஆதாரம்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இருந்தார். ஆற்றங்கரையில் மண்டிக் கிடக்கும் நாணல் கரும்புக்குச் சொந்தக்காரன். தாமிரபரணியிலும் பார்க்கலாம். இனிப்பு இல்லை, ஆனால் தாக்குப்பிடிக்கும். அதை நல்ல கரும்போடு கலந்ததால்தான் கோயம்புத்தூர் ரகங்கள் பேர் வாங்கின. இனிப்புக் கரும்பில் குரோமோசோம் 80. நாணலில் அது ஊருக்கு ஊர் மாறும்: 40-லிருந்து 128 வரை. இந்தக் குழப்பத்துக்குள் புகுந்து வேலை செய்தவர்களில் ஜானகி அம்மாள் முக்கியமானவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்ததை 1938-இல் நேச்சர் இதழில் எழுதினார்.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். போர் தொடங்கிவிட்டது. அங்கேயே தங்கி 1940 முதல் லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை. அங்கேதான் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து பெரிய தாரைப் போட்டார்: பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். 1945-இல் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை ஒரே இடத்தில் தொகுத்த புத்தகம். என் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸ் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்து டேட்டாபேஸ்.

பிறகு விஸ்லி தோட்டத்தில் செல்லியலாளர் வேலை. அங்கே கால்கிசின் மருந்தால் குரோமோசோமை இரட்டிப்பாக்கி வளர்த்த மக்னோலியா ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. நேருவின் அழைப்பில் 1951-இல் இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ. கடைசி வருஷங்கள் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில். மதுரவாயல் கள ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே 1984 பிப்ரவரி 7-இல் காலமானார்.

இவ்வளவு செய்தவரின் எச்-இண்டெக்ஸ் என்ன? இங்கேதான் எனக்கு வேலை வந்தது.

எண் எங்கே கசிகிறது

முதல் கசிவு, பெயர். அவருடைய பெயர் ஜானகி. எடவலத்து கக்காட்டு என்பது வீட்டுப் பெயர், முன்னெழுத்து அதிலிருந்து வந்தது. அம்மாள் என்பது மரியாதைச் சொல். நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேற்கோள் பட்டியல் போடுகிற முறை, பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஓரிடத்தில் "ஜானகி அம்மாள், ஈ. கே.", இன்னோரிடத்தில் நடுவில் கோடு போட்டு ஒரே சொல்லாக, வேறோரிடத்தில் "அம்மாள், ஈ. கே. ஜே." என்று வரும். மெஷினுக்கு இவர்கள் மூன்று பேர். "மேடம்" என்பதைக் குடும்பப் பெயராக வைத்து ஒருவரைத் தேடுகிற மாதிரி இது.

எனக்கே இந்த அனுபவம் உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போனபோது குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். இரண்டு வருஷம் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆய்வாளர்களுக்கு இதனால் மேற்கோளே சிதறும். 2012-இல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது இதைத் தீர்க்கத்தான். ஆனால் ஆர்கிட்டை ஆய்வாளரே பதிவு செய்துகொள்ளணும், கூகுள் ஸ்காலர் பக்கத்தையும் அவரேதான் திறக்கணும். 1984-இல் போனவர் எங்கே திறப்பது?

இரண்டாவது கசிவு, வரிசை. கார்ஃபீல்டின் அச்சு இண்டெக்ஸில் மேற்கோள் காட்டப்பட்ட நூல்கள் முதல் ஆசிரியர் பெயரின் கீழ்தான் வரும். அட்லஸின் முதல் பெயர் டார்லிங்டன். அந்த அச்சுத் தொகுதியில் "ஜானகி அம்மாள்" என்று தேடினால் அட்லஸ் கிடைக்காது. புத்தகத்தின் இரண்டாவது பெயர் யார் என்று தேடுகிறவருக்கு முன்பே தெரிந்திருக்கணும்.

மூன்றாவது கசிவுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1955-இல் அட்லஸின் அடுத்த பதிப்பு வந்தது. இப்போது பூக்கும் தாவரங்கள் அனைத்துக்குமாக விரித்திருந்தார்கள். அட்டையில் டார்லிங்டனும் வைலியும். ஜானகி அம்மாள் அப்போது இந்தியாவில். இது நியாயமா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. புதுப் பதிப்புக்கு உழைத்தவர் பெயர் அதில் இருப்பது இயல்பு. நான் பார்ப்பது கணக்கை மட்டும். புதுப் பதிப்பு இருக்கும்போது பழையதை யார் எடுப்பார்கள்? ஒரு எண் முதல் பதிப்பிலிருந்தே வந்திருந்தாலும், 1955-க்குப் பிறகு அதைப் பயன்படுத்துகிறவர் "டார்லிங்டன், வைலி" என்றுதான் எழுதுவார்.

நான்காவது கசிவு இன்றைக்கும் நடக்கிறது. இப்போது ஒரு தாவரத்தின் குரோமோசோம் எண்ணிக்கை வேண்டுமென்றால் யாரும் அட்லஸைப் புரட்டுவதில்லை. இணையத்தில் குரோமோசோம் எண்ணிக்கைத் தரவுத்தளங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றி 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. பல்லாயிரம் எண்ணிக்கைகளை ஒரே நொடியில் இறக்கிப் பயன்படுத்துகிறவர் அந்த ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுவார், வேலை முடிந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் நுண்ணோக்கியில் கண்வலிக்க உட்கார்ந்த ஆள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது உடனே புரியும். நம் புரோகிராமில் பத்து பேக்கேஜ் சேர்க்கிறோம். அந்தப் பத்தும் உள்ளே நூறு பேக்கேஜை இழுத்துக்கொண்டு வருகின்றன. நாம் பெயர் சொல்வது மேலே இருக்கிற பத்தை. அடியில் இருக்கிற ஒன்று ஒருநாள் உடைந்தால்தான், அப்படி ஒன்று இருந்ததே தெரியவரும். மேற்கோள் எண்ணிக்கை மேல் அடுக்கை எண்ணுகிறது. அடி அடுக்கை எண்ணுவதில்லை.

எதிர்ப்பக்கம்

எண் குறைத்துக் காட்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். கூட்டியும் காட்டும். உலகத்திலேயே அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை ஆலிவர் லௌரி குழுவினர் 1951-இல் எழுதியது. 2014-இல் கணக்கெடுத்தபோது மூன்று லட்சத்துக்கு மேல். பெரிய கண்டுபிடிப்பா என்றால் இல்லை. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் செய்முறை. செல் ஆய்வகங்களில் தினமும் தேவைப்படும், ஆகவே தினமும் மேற்கோள். அது ஒன்றும் பெரிய கட்டுரையில்லை என்று லௌரியே எழுதியிருக்கிறார்.

இன்னொரு விதமும் உண்டு. ஒரு விஷயம் அளவுக்கு மீறிப் புகழ்பெற்றுவிட்டால் மேற்கோள் நின்றுவிடும். ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து 1963-இல் வெளியிட்ட வரைபடத்தை இன்று உலகம் முழுக்க "ராமச்சந்திரன் வரைபடம்" என்றே சொல்கிறார்கள். புரத அமைப்பைச் சரிபார்க்கும் மென்பொருளுக்குள்ளேயே அது இருக்கிறது. பெயரைச் சொல்வார்கள், மூலக் கட்டுரையைப் பட்டியலில் போடமாட்டார்கள். நியூட்டனுக்கு யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

எங்க அப்பா இங்கே மில்லில் இருந்தவர். நூலுக்குக் 'கவுண்ட்' என்று ஒரு எண் சொல்வார்கள். 40, 60, 80 என்று. கவுண்ட் கூடக் கூட நூல் மெல்லிசு. அது உறுதியைச் சொல்லாது. உறுதிக்குத் தனியா இழுத்துப் பார்க்கணும். "கவுண்டைப் பார்த்து நூல் நல்லதுன்னு சொன்னா மில்லுல சிரிப்பானுவ" என்பார். மேற்கோள் எண்ணும் அதேதான். எத்தனை பேர் பெயரோடு எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லும். வேலை எவ்வளவு உறுதி என்று சொல்லாது.

இதைச் செல் உயிரியலாளர்களே உணர்ந்துதான், 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கச் செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில் ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். டோரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதழின் இம்பேக்ட் ஃபேக்டரை வைத்துத் தனி ஆளின் தரத்தை அளக்காதீர்கள், வேலையைப் படித்துப் பார்த்து மதிப்பிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். இம்பேக்ட் ஃபேக்டர் கணக்கில் வருவது முந்தைய இரண்டு வருஷத்துக் கட்டுரைகள் மட்டும். அட்லஸ் மாதிரி எழுபது வருஷம் கழித்தும் பயன்படுகிற வேலைக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை.

எங்க மலையில் ஒரு பெயர்

இதெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வி.கே.புரத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் பாபநாசம் மலை. அதற்குப் பின்னால் பொதிகை, அகத்தியமலை. அந்த மலைத்தொடரின் கேரளப் பக்கத்துக் காட்டில் காணி மக்களுக்குத் தெரிந்த ஒரு செடி உண்டு, அமிர்தபாலா என்பார்கள். வேர் மணக்கும், மருந்து. 1978-இல் ஜோசப், சந்திரசேகரன் என்ற இருவர் அதை அறிவியலுக்குப் புதிய பேரினம் என்று விவரித்து, ஜானகி அம்மாள் நினைவாக ஜானகியா என்று பெயர் வைத்தார்கள். ஜானகியா அராயல்பத்ரா. அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

பிறகு வெண்டர் என்ற தாவரவியலாளர், இது தனிப் பேரினம் இல்லை, டெக்காலெபிஸ் என்ற பழைய பேரினத்தில்தான் சேரும் என்று மாற்றினார். டெக்காலெபிஸ் நமக்குப் பழக்கமான ஆள்தான். ஊறுகாய் போடுகிற மாகாளிக் கிழங்கு அந்தக் குடும்பம். ஆக, ஜானகியா என்ற பெயர் இப்போது நடப்புப் பெயர் இல்லை. அட்டையிலிருந்து போன மாதிரி இங்கேயும் போய்விட்டதே என்று முதலில் வருத்தமாக இருந்தது.

ஆனால் தாவரவியல் பெயர் வைப்பில் ஒரு நல்ல விதி இருக்கிறது. ஒரு செடியை வேறு பேரினத்துக்கு மாற்றினால், மாற்றியவர் பெயரை மட்டும் போட முடியாது. முதலில் விவரித்தவர்களின் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்குப் பிறகுதான் மாற்றியவர் பெயர். ஆகவே இன்றைக்கும் அந்தச் செடியின் முழுப்பெயர் எழுதினால் "(ஜோசப், சந்திரசேகரன்) வெண்டர்" என்று வரும். பழைய பெயரும் இணைப்பெயராகப் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும். அடி அடுக்கில் இருக்கிறவரை மேல் அடுக்கு மறைக்கக் கூடாது என்று விதி போட்டே வைத்திருக்கிறார்கள். தேடிப் போகிறவன் அந்த அடைப்புக்குறியைப் பிடித்து ஜோசப், சந்திரசேகரனுக்குப் போய், அவர்கள் ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டு ஜானகி அம்மாளிடம் போய்விடலாம். நான் அப்படித்தான் போனேன். மேற்கோள் எண்ணிக்கைக்கு இப்படி ஒரு அடைப்புக்குறி இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அண்ணன் மகளுக்குச் சொன்னது

எண் பொய் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. 31 வாங்கியவர் உழைத்திருப்பார். அவருடைய கட்டுரைகள் படிக்கப்படுகின்றன. அது மரியாதைக்குரிய விஷயம். ஆனால் 9-ஐயும் 31-ஐயும் பக்கத்தில் வைப்பதற்கு முன் சில விஷயம் பார் என்றேன்.

இருவரும் எத்தனை வருஷமாக வேலை செய்கிறார்கள்? எச்-இண்டெக்ஸ் ஏறத்தான் செய்யும், இறங்கவே இறங்காது. வயதே ஒரு மார்க். இருவரும் செய்வது ஒரே துறையா? புற்றுநோய் செல் ஆய்வுக்குப் படிக்கிறவர் ஆயிரம் பேர் என்றால், மலைச்செடியின் குரோமோசோமுக்குப் பத்துப் பேர். பெயர் ஒன்றுதானா? முன்னெழுத்தை மாற்றிப் போட்டுத் தேடு. ஒரே பெயரில் வேறொருவரின் கட்டுரை அந்தப் பக்கத்தில் கலந்திருக்கிறதா என்றும் பார். மேற்கோள்களில் தன்னைத் தானே குறிப்பிட்டுக்கொண்டது எவ்வளவு? கடைசியாக, அவர்களுடைய மாணவர்கள் பெயர் கட்டுரையில் எங்கே வருகிறது? முதல் பெயராகவா, நடுவில் எங்கேயோவா? நாளைக்கு உன் பெயர் வரப்போகிற இடம் அது.

இதெல்லாம் பார்த்த பிறகு இருவரிடமிருந்தும் மூன்று மூன்று கட்டுரை எடுத்துப் படி என்றேன். "ஆறு கட்டுரையா சித்தப்பா?" என்றாள். அஞ்சு வருஷத்துக்கு ஆறு கட்டுரை அதிகமா?

நேற்று ராத்திரி போன் பண்ணினாள். சாருடைய கட்டுரைகளில் மாணவர்கள்தான் முதல் பெயராம். அது நல்லா இருக்குது என்றாள். மேடத்தின் கட்டுரைகளில் ஒன்று, நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைப் பட்டியல். அதற்கு மேற்கோள் நான்குதான். "ஆனா சித்தப்பா, அந்த நம்பர் அத்தனையும் டேட்டாபேஸ்ல இருக்குது. நாங்க போன செமஸ்டர் பிராஜெக்ட்டுக்கு அதத்தான் எடுத்தோம். யாரோடதுன்னு பாக்கவே இல்ல."

இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரையும் நேரில் பார்க்கப் போகிறாள். அதற்கு முன்னால் பழைய பிராஜெக்ட் அறிக்கையைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் மேடத்தின் கட்டுரையைச் சேர்த்துவிட்டாளாம்.